ரோஜா பூக்கும் காலத்துச் சளி

பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீக்கு இளவேனில் வந்து ரோஜா மணம் வீசினாலே மூக்கில் நீர் வடியும். ரய் நகரில் பிறந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ (மறைவு ஏறத்தாழ 925) இதன் காரணத்தை ஆராய்ந்து தனியொரு சிறுநூலே இயற்றினார். ஒருவரைப் பருவந்தோறும் பீடிக்கும் சளியை அவர் சாதாரணத் தடுமனென்று ஒதுக்கிவிடவில்லை.

ஆயினும், ஒவ்வாமையைக் கண்டறிந்தவரே அர்ராஸீதான் என்று நம்மவர் சிலர் முழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. ஜாலீனூஸின் மருத்துவத்தின் மீது ஐயங்கள் எழுப்பித் தனிநூல் எழுதியவராயினும், உடல்நீர்க் கோட்பாட்டின் எல்லைக்குள் நின்றே அவர் நோய்களை விளக்கினார். உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றலே தீங்கற்ற துகளைப் பகையெனக் கருதி மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்கிறது என்பதை அன்று எவரும் அறியார். 1819இல் ஜான் போஸ்டாக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தம்மை வருத்திய இந்நோயையே விவரித்தார். 1873இல் சார்லஸ் பிளாக்லி, மகரந்தமே காரணமெனத் தம் உடலில் சோதித்து வெளியிட்டார். ‘அலர்ஜி’ என்னும் சொல் 1906இல்தான் பிறந்தது.

ரோஜாவும் பெரும்பாலும் குற்றமற்றதே. அதன் மகரந்தம் கனமானது; பூச்சிகளே அதைச் சுமக்கின்றன. அதே பருவத்தில் காற்றில் மிதந்துவரும் புல், மரங்களின் மகரந்தமே அல்பல்கீயை வருத்தியிருக்கக்கூடும்.