நானோதுகள்களின் ஆக்சிசனேற்ற அழுத்தத்தை அளவிடுதல்

நானோதுகள்களின் ஆக்சிசனேற்ற அழுத்தத்தை அளவிடுதல் என்பது, 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள் உயிரணுக்களில் ஏற்படுத்தும் ஆக்சிசனேற்றப் பாதிப்பை மதிப்பிடும் முறைகளைக் குறிக்கும். வினைத்திறன் மிக்க ஆக்சிசன் இனங்களின் உற்பத்தி, உயிரணுவின் எதிர்ஆக்சிசனேற்றத் திறனை மிஞ்சும் நிலையே ஆக்சிசனேற்ற அழுத்தம் எனப்படும். இச்சொல்லை 1985 ஆம் ஆண்டில் எல்மட் சீசு வரையறுத்தார்.

நிறையும் எண்ணிக்கையும்

திருச்சிராப்பள்ளியின் காந்தி மார்க்கெட், தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் காற்று அளக்கப்படும் இடங்களுள் ஒன்றாகும். காய்கறி ஏற்றிவரும் சரக்குந்துகளின் டீசல் புகையில், எண்ணிக்கை அடிப்படையில் பெரும்பாலானவை நானோதுகள்களே. ஆயினும் 2009 ஆம் ஆண்டின் தேசியத் தரநிலைகள் துகள்களை நிறையால் மட்டுமே வரையறுக்கின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு 24 மணிநேர வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் ஆகும். ஒரே அடர்த்தி கொண்டவை எனில், 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளின் நிறை, 100 நானோமீட்டர் விட்டமுள்ள 10 இலட்சம் துகள்களின் நிறைக்குச் சமம். எனவே சுமைதூக்குவோரும் வணிகர்களும் சுவாசிக்கும் நானோதுகள்களின் அளவை இவ்வரம்பைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

அளவீட்டுச் சிக்கல்கள்

* குறுகிய ஆயுள்: ஐதராக்சில் இயங்குறுப்பு சில நானோநொடிகளே நிலைத்திருப்பதால், பெரும்பாலும் அதன் விளைவுகளே அளக்கப்படுகின்றன.
* சாயக் குறுக்கீடு: டைகுளோரோபுளோரசீன் சோதனையில், துகள்கள் உயிரணு இன்றியே சாயத்தை ஆக்சிசனேற்றலாம், அல்லது அதன் ஒளிர்வைத் தணிக்கலாம்.
* பரப்புக் கவர்ச்சி: கரிம நானோகுழாய்கள் எம்.டி.டி. சோதனையில் உருவாகும் பார்மசான் படிகங்களைப் பிணைத்துக்கொள்வதால், உயிருள்ள உயிரணுக்களும் இறந்தவைபோலக் கணக்கிடப்படும் என 2006 இல் அறியப்பட்டது.
* திரளுதல்: துகள்கள் வளர்ப்பு ஊடகத்தில் ஒன்றுதிரள்வதாலும் புரதங்களால் சூழப்படுவதாலும், உயிரணுவை உண்மையில் அடையும் அளவு மாறுபடுகிறது.
* மாசு: துகள்களில் ஒட்டியுள்ள பாக்டீரிய அகநச்சு, துகளின் விளைவைப் போன்றே அழற்சியைத் தோற்றுவிக்கும்.

டைதையோதிரைட்டால் சோதனை, வடிகட்டியில் சேகரித்த துகள்களின் ஆக்சிசனேற்றும் திறனை அளக்கிறது. இது வேதியியல் திறனையே காட்டும். உயிரணுவின் எதிர்வினையைக் காட்டாது.

தீர்வுகள்

உயிரணு இல்லாத கட்டுப்பாட்டுச் சோதனை, எதிர்ஆக்சிசனேற்றி சேர்த்த ஒப்பீடு ஆகியவை பிழைகளை வெளிப்படுத்த உதவுகின்றன. எலக்ட்ரான் பரகாந்த ஒத்ததிர்வு, குளூட்டாதயோன் விகிதம், டி.என்.ஏ. சிதைவின் குறியீடான 8-ஐதராக்சி-டிஆக்சிகுவானோசின் போன்ற வெவ்வேறு தத்துவங்களில் அமைந்த இரண்டு முறைகளாவது ஒத்த முடிவைத் தரும்போதே அளவீடு நம்பகமானதாகக் கொள்ளப்படுகிறது.