கட்புலச் சான்றும் கோட்பாடும்: பெட்போர்ட் கால்வாய் விவாதம் பற்றிய ஒரு நோக்கு

பூமி கோளவடிவினது என்பதற்கான சான்றுகள் பல, மனிதரின் தொழில் வாழ்விலிருந்தே திரண்டன. கடலோடிகளுக்குத் தாழ்ந்த விளக்கு மறைந்திருக்கும் தூரத்திலும் உயர்ந்த விளக்குத் தோன்றுவதை ஸ்ராபோ குறித்துள்ளார். சந்திரகிரகணத்தில் பூமியின் நிழல் விளிம்பு வளைந்திருப்பதை அரிஸ்ரோட்டில் எடுத்துக்காட்டினார். எனினும், கண்டது யாவும் சான்றாகிவிடுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு, கிழக்கு இங்கிலாந்தின் பழைய பெட்போர்ட் கால்வாயில் எழுந்த விவாதம் தக்கதோர் உதாரணமாகும்.

1838 இல் சாமுவேல் ரோபோதம் என்பார் நீர்மட்டத்திற்குச் சில அங்குலம் மேலாகக் கண்ணை வைத்து, ஆறு மைல் சென்ற படகொன்றைத் தொடர்ந்து கண்டதாகக் கூறினார். பூமி தட்டையானது எனத் துணிந்தார். அவர் பொய்யுரைத்தார் எனக் கொள்ளவேண்டியதில்லை. நீர்ப்பரப்பை ஒட்டிய வளியில் ஒளி முறிவடைந்து வளைவதால், மறையவேண்டிய பொருளும் தென்படக்கூடும்.

1870 இல் ஜோன் ஹம்டன் என்பார் நீர்ப்பரப்பின் வளைவை நிரூபிக்குமாறு 500 பவுண் பந்தயத்துடன் அறைகூவினார். அதனை ஏற்றவர், டார்வினுடன் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட அல்பிரட் ரசல் வொலஸ். இளமையில் நிலஅளவையாளராக உழைத்த அவர், பார்வைக் கோட்டை நீருக்குப் பல அடி மேலே உயர்த்தினார். தொலைகாட்டி, நடுக்கம்பத்து வட்டு, ஆறு மைலுக்கப்பால் இருந்த பாலத்துக் குறி ஆகிய மூன்றும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அமைந்தன. நடுவட்டு ஏறத்தாழ ஐந்தடி உயர்ந்து தோன்றியது. கணிதப்படி அது ஆறடியாதல் வேண்டும். ஒளிமுறிவு எஞ்சியதைக் குறைத்தது. நடுவர் வொலஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஹம்டனின் தரப்பினரோ, அதே தொலைகாட்டியில் அதே காட்சியைக் கண்டு, வெற்றி தமதே என்றனர்.

இங்கு மோதியவை இரு கண்களல்ல. இரு அறிதல் முறைகளாம். ஒன்று தனிமனிதப் புலனை இறுதி நீதிபதியாக்கியது. மற்றையது உழைப்பிற் பிறந்த அளவையையும் கோட்பாட்டையும் கொண்டு புலனைத் திருத்தியது.

ஆயினும், வொலஸை முழுமையான பகுத்தறிவின் பிரதிநிதியாகக் காட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆவியுலகத் தொடர்பு பற்றிய அமர்வுகளிற் கண்டவற்றை அவர் உண்மையென நம்பினார். 1878 அளவில் எழுதிய கட்டுரையொன்றில் ஏங்கெல்ஸ் இதனையே கண்டித்தார்: கோட்பாட்டை இகழும் வெறும் அனுபவவாதமே மூடநம்பிக்கைக்கு வழிதிறக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கால்வாயில் ரோபோதமின் தவறும் அமர்வறையில் வொலஸின் தவறும் ஒரே வேரினவாம்.

‘கண்ணாற் கண்டேன்’ என்பது விஞ்ஞானத்தின் தொடக்கமே, முடிவன்று. மக்களிடம் விஞ்ஞானத்தைக் கொண்டுசெல்ல முனையும் நாம், முடிந்த முடிவுகளை ஒப்புவிப்பதோடு அமையாது, காட்சி எவ்வாறு சான்றாகிறது என்பதனையும் விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.