இண்டிபேரும் தலைப்பெழுத்தும்: சித்தூர் எல்லைப்புறத்தில் குடும்பப்பெயரின் வரலாறு

முன்னுரை

ஒருவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து எதைக் குறிக்கிறது என்ற வினாவுக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தந்தையின் பெயர் என்பதே விடையாக இருக்க, ஆந்திர எல்லையைக் கடந்தவுடன் அதே எழுத்துக்கு 'இண்டிபேரு' என்பது விடையாகிவிடுகிறது. வீட்டைக் குறிக்கும் 'இல்லு' என்னும் தெலுங்குச் சொல்லின் வேற்றுமை வடிவமான 'இண்டி'யோடு 'பேரு' சேர்ந்து அமைந்த இத்தொடர் வீட்டுப்பெயர் எனப் பொருள்படும். அது தந்தைவழியில் தலைமுறை மாறாமல் வருவது, இயற்பெயருக்கு முன்னால் நிற்பது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் சித்தூர் மாவட்டத்துக் குப்பம், குடுபல்லி வட்டாரத்தில் இவ்விரு முறைகளும் அக்கம்பக்க வீடுகளிலேயே வழங்குவதால், குடும்பப்பெயர் எவ்வாறு தோன்றி எவ்வாறு உறைகிறது என்பதை ஆராய அவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது. பெயர் உறைவதற்குத் திருமணமும் பதிவேடும் ஆகிய இரண்டு தேவைகள் காரணமாகின்றன என்பதும், எல்லையின் இருபுறத்து வேறுபாடும் அவற்றிலிருந்தே பிறந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இத்தாலியப் பெயர்களின் நால்வகை

குடும்பப்பெயர்களின் தோற்றத்தை ஒப்பிட்டு நோக்க இத்தாலியப் பெயர்கள் நல்ல அளவுகோலாகின்றன. அவற்றை ஆராய்ந்தோர் நான்கு வகைப்படுத்துவர்: தந்தை பெயரால் அமைந்தவை (தே லூக்கா, தி ஜொவான்னி), ஊராலும் நாட்டாலும் அமைந்தவை (ரொமானோ, லொம்பார்தி), தொழிலால் அமைந்தவை (கொல்லரைக் குறிக்கும் ஃபெர்ராரி), உடற்கூறும் இயல்பும் பற்றிய பட்டப்பெயர்கள் (செம்மையைக் குறிக்கும் ரோஸ்ஸி). பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு நேப்பிள்ஸ் பகுதியில் இடப்பட்ட எஸ்போசித்தோ என்னும் பெயர், 'வெளியே வைக்கப்பட்டது' என்ற பொருளோடு இன்றும் பல குடும்பங்களுக்கு வழங்குவது தனிச்சிறப்பு. இடைக்காலத்தில் நகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம் நாடெங்கும் நிலைபெற, 1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கத்தின் விளைவாகப் பங்குக் கோயில்கள் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதியத் தொடங்கியது பெரிதும் துணைசெய்தது. மணக்கத் தகாத உறவினர் மணந்துவிடாமல் காப்பதும் அப்பதிவின் நோக்கங்களுள் ஒன்றாகையால், திருமணமும் பதிவேடும் அங்கே ஓர் ஏட்டிலேயே சந்தித்தன எனலாம்.

சங்ககாலம் முதல் திருமலை வரை

இந்நால்வகையும் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே காணப்படுகின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் ஒரு பெயரில் ஊரும், ஆசிரியத் தொழிலும், தந்தையும், இயற்பெயரும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதில் துணி வாணிகமும், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊரும் சேரியும் உடற்குறையும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் இவ்வடைகள் ஒருவரை அவர் பெயரையே உடைய மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டப் பயன்பட்டனவே தவிர, மகனுக்கும் பேரனுக்கும் இறங்கும் பெயர்களாக உறையவில்லை.

குடிப்பெயர் இறங்கும் வழக்கம் தமிழரிடம் அறவே இல்லாமலும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றிய குன்றத்தூர் அருண்மொழித்தேவரை உலகம் அவர் குடிப்பெயரான சேக்கிழார் என்பதாலேயே அறிகிறது. அவர் தம்பி பாலறாவாயருக்கும் அக்குடிப்பெயர் உரியது.

திருப்பதி வட்டாரத்தில் இறங்குபெயருக்குத் தெளிவான சான்று தாள்ளபாகக் குடும்பம். இன்றைய ராஜம்பேட்டையை அடுத்த தாள்ளபாக என்னும் ஊரிலிருந்து திருமலைக்கு வந்த கீர்த்தனைக் கவிஞர் அன்னமாச்சார்யர் 1503இல் மறைந்த பின்னரும், அவர் மகன் பெத திருமலாச்சார்யரும் பேரன் சின திருமலாச்சார்யரும் அவ்வூர்ப்பெயராலேயே அறியப்பட்டனர். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவையாகையால், இத்தெலுங்குக் குடும்பத்தின் பெயர் அவற்றில் 'பாக்கம்' என்று தமிழ் ஊர்ப்பெயர்களின் ஈற்றோடு பதிவாகியிருப்பது இருமொழி வழக்கின் நெருக்கத்தைக் காட்டுகிறது.

ஊரும் வீட்டுப்பெயரும்

இண்டிபேர்களுள் மரம், விலங்கு, கருவி ஆகியவற்றின் பெயர்களும் உண்டு. புளியைக் குறிக்கும் சிந்தா, மாவைக் குறிக்கும் மாமிடி, ஆட்டைக் குறிக்கும் மேகா, வண்டியைக் குறிக்கும் பண்டி ஆகியவை அத்தகையவை. எனினும் ஊர்ப்பெயர்களே இவற்றில் மிகுதி. ஊருக்கும் குடும்பத்திற்கும் உள்ள உறவு மூன்று வகையில் அமைகிறது.

முதலாவது, விட்டுவந்த ஊர் பெயராவது. சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். ஆனால் சர்வேபள்ளி நெல்லூர் மாவட்டத்து ஊர். மைசூரின் திவானாகப் பணியாற்றிய மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் இண்டிபேரும் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள ஊரின் பெயரே. ஓர் ஊரில் வாழும் அனைவரும் அவ்வூரினரே என்பதால் அங்கே ஊர்ப்பெயர் எவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. வேற்றூரில் குடியேறிய பிறகே அது அடையாளமாகிறது. லொம்பார்தி என்னும் இத்தாலியப் பெயருக்கும் இவ்விளக்கம் பொருந்தும். இரண்டாவது, வாழும் ஊரே பெயராவது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி (1880–1951), இன்று சித்தூர் நகரோடு இணைந்துவிட்ட கட்டமஞ்சியிலேயே பிறந்தவர். மூன்றாவது, குடும்பம் ஊருக்குப் பெயரிடுவது. திருப்பதியை அடுத்த நாராவாரிபள்ளி என்னும் பெயருக்கு 'நாரா வீட்டாரின் பள்ளி' என்பது பொருள். நீண்ட காலமாகக் குப்பம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக உள்ள நாரா சந்திரபாபு நாயுடு அவ்வூரில் பிறந்தவர். இப்பெயர்களின் ஈற்றில் வரும் ரெட்டி, நாயுடு போன்றவை சாதிப் பட்டங்களேயன்றி இண்டிபேர்கள் ஆகா.

திருமணமும் பதிவேடும்

இண்டிபேர் உறைந்து நின்றதற்கு முதற்காரணம் திருமணமே. ஒரே சாதிக்குள் ஒரே இண்டிபேர் உடையவர்கள் பங்காளிகளாகக் கருதப்படுவதால், அவர்களிடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. வரன் பேச வருவோர் முதலில் கேட்பதும் இதையே. பெண் மணமானதும் கணவன் வீட்டு இண்டிபேரைப் பெறுவதும் இவ்வழக்கத்தின் பகுதி. தமிழ்நாட்டில் குடியேறிய கம்மவார், ராஜகம்பளத்தார், ரெட்டியார் ஆகியோர் வெளியுலகில் தந்தையின் தலைப்பெழுத்தையே எழுதினாலும், திருமணப் பேச்சுக்காக வீட்டுப்பெயரை மறவாமல் காத்துவருவது இதற்குச் சான்று. இதே பணியைத் தமிழரிடையே வேறு அமைப்புகள் செய்தன. கொங்கு வேளாளரிடம் காடை, ஆந்தை முதலிய கூட்டங்களும், நகரத்தாரிடம் ஒன்பது கோயில்களும் பங்காளியையும் சம்பந்தியையும் பிரித்துக் காட்டின. குலத்தின் அடையாளத்தைக் கூட்டமும் கோயிலும் தாங்கியதால், அதனைப் பெயரோடு சேர்த்து எழுதும் தேவை தமிழரிடம் எழவில்லை.

பள்ளிக்கூடச் சேர்க்கை ஏடு, பட்டா, அலுவலகப் பதிவு என ஆங்கில ஆட்சி எழுத்தைப் பரப்பியபோது, ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறியத் தமிழர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்து கைகொடுத்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்க வலியுறுத்தியதன் தொடர்ச்சியாகப் பட்டங்கள் படிப்படியாக உதிர, தலைப்பெழுத்தும் இயற்பெயருமே எஞ்சின. தெலுங்கரோ முன்பே கைவசம் இருந்த இண்டிபேரை அந்த எழுத்தாகச் சுருக்கினர். 1895இல் மதனப்பள்ளியில் நாராயணய்யாவின் மகனாகப் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, தமிழ் முறைப்படி 'நா. கிருஷ்ணமூர்த்தி' ஆகியிருக்க வேண்டியவர், ஜிட்டு என்னும் இண்டிபேரால் ஜே. கிருஷ்ணமூர்த்தி என உலகறிந்தார். எழுத்தின் தோற்றம் ஒன்றாயினும், தமிழரின் எழுத்து ஒரு தலைமுறையோடு மாற, தெலுங்கரின் எழுத்து மாறாமல் நிற்கிறது.

எல்லை மாற்றங்களும் பெயரும்

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லைத் திருத்தத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்திற்கும், சென்னை மாநிலத்தின் சில ஊர்கள் ஆந்திரத்திற்கும் மாறின. இம்மாற்றங்களால் ஊர்களின் ஆட்சிமொழி மாறியதேயன்றி வீடுகளின் பெயர்முறை மாறவில்லை. ஆயினும் ஆந்திரத்துப் படிவங்கள் இண்டிபேருக்குத் தனியிடம் ஒதுக்குவதால், அது இல்லாத தமிழ்க் குடும்பங்கள் அவ்விடத்தைத் தந்தை பெயராலோ ஊர்ப்பெயராலோ நிரப்ப நேர்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கேட்கப்படும்போது தமிழ்நாட்டாரும் இவ்விக்கட்டையே சந்திக்கின்றனர். அவ்வாறு நிரப்பப்பட்ட தந்தை பெயர் பிள்ளைகளுக்கும் அப்படியே தொடருமாயின், தே லூக்கா என்னும் பெயர் இத்தாலியில் உறைந்த அதே வழியில் புதிய குடும்பப்பெயர் ஒன்று உறையத் தொடங்கிவிடுகிறது.

முடிவுரை

ஊர், தொழில், தந்தை, உடற்கூறு என்னும் நான்கு ஊற்றுகளும் இத்தாலியருக்கும் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவானவை. அவற்றிலிருந்து பிறந்த பெயர் ஒருவரோடு முடிவதும் வழிவழியாக இறங்குவதும் அப்பெயரை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை. சம்பந்தம் பேச வந்தவர் கேட்டதால் இண்டிபேர் நிலைத்தது. பதிவேட்டில் எழுதுபவர் கேட்டதால் தலைப்பெழுத்துப் பிறந்தது. குடுபல்லியின் அக்கம்பக்க வீடுகளில் இவ்விரு கேள்விகளின் விடைகளும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நிற்பதால், எல்லைப்புறத்துப் பெயரொன்றை விரித்துப் படிப்பவர் அவ்வெழுத்து தந்தைக்கு உரியதா, என்றோ விட்டுவந்த ஊருக்கு உரியதா என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.