தடுப்பூசி மறுத்த படைவீரர்களும் மாநிலச் சலுகைகளும்

2021 ஆகஸ்டில் அமெரிக்கா தன் படையினருக்குக் கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மறுத்த 8,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2023 ஜனவரியில் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இவர்களுக்கு 'கண்ணியமான விடுவிப்பு' அல்லது அதற்கு ஒரு படி கீழான 'பொது விடுவிப்பு' மட்டுமே தரலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் வரையறுத்தது. பொது விடுவிப்பு பெற்றவருக்கு மத்திய அரசின் 'ஜி.ஐ. பில்' கல்வி உதவி பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆனால் டெக்சாஸ் மாநிலத்தின் ஹேசல்வுட் சட்டம் இரு வகையினரையும் ஏற்கிறது. மற்ற தகுதிகளும் இருந்தால், அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் மணிநேரம் வரை கட்டணமின்றிப் படிக்கலாம்.

தடுப்பூசி போடுவதையே நாம் வலியுறுத்துகிறோம். ஆயினும் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மறுத்ததற்கு வேலை போனது. அதற்கு முன் உழைத்த ஆண்டுகளின் கூலியும் போவது நீதியாகாது.