ஐந்தில் ஒன்றான பருந்து

பலாபத்வலயில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மிளகுத் தோட்டத்தில் சென்ற வருடம் ஒரு செம்பருந்து இறக்கை தொங்கக் கிடந்தது. மின்கம்பியில் மோதியிருக்க வேண்டும். பழைய துவாயொன்றைத் தலைமேல் போட்டுப் பிடித்து, துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். உம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"இத என்னத்துக்கு ஊட்டுக்குள்ள கொணந்தாய்? பருந்து ஹரத்துலயும் கொல்ல ஏலுமான ஜந்து எண்டு மதரஸாவுல ஓதித் தரல்லயா?"

ஓதித் தந்தார்கள்தான். காகம், பருந்து, தேள், எலி, கடிநாய் ஆகிய ஐந்தையும் இஹ்ராமில் இருப்பவர் கொன்றாலும் குற்றமில்லை என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதிலே வரும் 'ஹிதஆ' நாம் கள்ளப்பருந்து என்று சொல்லும் இனம். என் பெட்டியில் இருந்தது அதன் உறவுக்காரன். அந்த வித்தியாசம் உம்மாவிடம் எடுபடவில்லை.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். அந்த அனுமதிக்குக் காரணம் என்னவென்பதில் இமாம்களே ஒன்றுபடவில்லை. தீங்கு செய்வதே காரணம் என்கிறது மாலிக் இமாமின் பக்கம். உண்ணப்படாத பிராணி என்பதே காரணம் என்கிறது ஷாஃபிஈ இமாமின் பக்கம். எப்படிப் பார்த்தாலும் அது அனுமதி. அடிபட்டுக் கிடப்பதைச் சாகவிடு என்ற கட்டளை அல்ல. ஒரு பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எறிந்துகொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரழி) கண்டித்ததும், உயிருள்ளதை இலக்காக்குபவரை நபி (ஸல்) சபித்ததைச் சொன்னதும் அதே கிரந்தங்களில்தான் இருக்கின்றன. குஞ்சுகளை இழந்து சிறகடித்த தாய்ப் பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அபூதாவூத் ஹதீஸ் நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அது சிறு பறவை. அதற்கு இரங்குவது லேசு.

பருந்து வரும் இன்னொரு ஹதீஸை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயிஷா (ரழி) அறிவித்து புகாரியில் பதிவானது. ஓர் அரபுக் கோத்திரத்தாரால் விடுதலை செய்யப்பட்ட கறுப்பு அடிமைப் பெண் அவர்களோடே வாழ்ந்துவந்தாள். அந்த வீட்டுச் சிறுமியின் சிவப்புத் தோல் பட்டி கீழே கிடக்க, இறைச்சி என்று நினைத்துப் பருந்தொன்று தூக்கிப் போய்விட்டது. பழி இவள்மேல். அந்தரங்கம் வரை சோதித்தார்கள். அவள் அவர்கள் நடுவே நின்றுகொண்டிருந்தபோதே பருந்து திரும்பிவந்து, பட்டியை எல்லோர் முன்னாலும் போட்டது. பிறகு அவள் மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றாள். பள்ளிவாசலில் அவளுக்கு ஒரு சிறு கூடாரம் இருந்தது. ஆயிஷாவிடம் வரும்போதெல்லாம் அந்த நாளைச் சொல்லி ஒரு கவியடி பாடுவாளாம். திருடியதும் பருந்து, சாட்சி சொன்னதும் பருந்து!

நம் காலத்தில் இந்தப் பறவைக்காக ஆயுளையே கொடுத்திருப்பவர்கள் டெல்லியின் வஜிராபாத்தில் இருக்கிறார்கள்: நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மத் சவூத் என்ற சகோதரர்கள். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் அங்கே கள்ளப்பருந்துகளின் இறக்கையை எலும்பு வரை அறுத்துவிடுகிறது. இளவயதில் அப்படியொன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறைச்சி தின்னும் பறவை என்று அங்கே எடுக்கவில்லை. 2003இல் இன்னொன்று கிடைத்தபோது வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தசைநார்களைப் பற்றி அவர்கள் முதலில் அறிந்தது உடற்கட்டுப் பயிற்சியிலிருந்து! சவர்க்காரத் திரவப் பெட்டிகள் செய்யும் நிலக்கீழ் அறையே சிகிச்சைக்கூடமும் ஆனது. இவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022இல் சன்டான்ஸிலும் கானிலும் விருது பெற்றது. பழைய டெல்லி முஸ்லிம்கள் பருந்துக்கு இறைச்சித் துண்டுகளை வீசுவதை ஸதகாவாகக் கருதிவந்திருக்கிறார்கள். அதே ஐந்து பிராணிகளின் ஹதீஸை ஓதிய சமூகம்தான் அதுவும்.

காலையில் இதையெல்லாம் உம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சோறு, பாண் எதுவும் கொடுக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், இருட்டில் அமைதியாக வையுங்கள் என்று வனசீவராசிகள் திணைக்களத்தார் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நான் அதை வளர்க்கவும் முடியாது. பகல் இரண்டு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

உம்மா பின்னாலேயே கேட் வரை போனார். "பாத்துத் தூக்குங்க மகன், எறக்க நோகும்."