புரதத்தின் வரைபடம்

நானுஓயாத் தொழிற்சாலைகளில் உருட்டிய கொழுந்து செம்பு நிறம் பெறுவது இலையிலுள்ள புரதமொன்றின் வேலை. புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடங்கலாம் என்று கணக்கிட்டவர், சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

தோலிலும் தசைநாரிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போன்றது என 1954ஆம் ஆண்டில் கோபிநாத் கர்த்தாவுடன் எழுதினார். அவ்வமைப்பில் அணுக்கள் வரம்பு மீறி நெருங்குகின்றன என்று கிரிக், ரிச் ஆகியோர் குறை கூறினர். அவரோ வெறும் மறுப்போடு அமையாது, அறியப்பட்ட பளிங்கமைப்புகளைப் புரட்டி அவ்வரம்பையே அளந்தார். அதன் விளைவே 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட 5 பக்கக் கட்டுரை.

புரத அமைப்புகளைச் சரிபார்ப்போர் இன்றும் ‘இராமச்சந்திரன் வரைபடத்தை’ நாடுகின்றனர். பெயரே வழக்காகிவிட்டமையால் மூலக் கட்டுரையைச் சுட்டாதோர் பலர்; அவர்தம் ஆய்வுகள் அதன் மேற்கோள் கணக்கில் ஏறுவதில்லை.