ஆளில்லாத ஆளோடு பேச்சு

போன வாரம் மொட்டைமாடியில் பேத்தி யாரிடமோ பிரெஞ்சில் காபி கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கைப்பேசிக்குள் ஒரு கடைக்காரராம், டுவோலிங்கோவின் ஏற்பாடாம்.

நான் சிரித்தேன். பிறகு யோசித்தால், இது ஒன்றும் புதிதில்லை.

பிரான்சில் 1929-ல் அல்போன்ஸ் ஷெரெல் தொடங்கிய அசிமில் நிறுவனத்தின் மொழிப் புத்தகங்களில் எல்லாம் உரையாடல்தான். 1948-ல் அதை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிக்க உட்கார்ந்தார் யூஜின் இயோனெஸ்கோ. அந்தப் பாடத்தில் திருமதி ஸ்மித் தன் புருஷனிடமே, நம் பெயர் ஸ்மித், நாம் லண்டன் பக்கம் இருக்கிறோம், நீங்கள் குமாஸ்தா என்றெல்லாம் தெரிவிப்பாளாம். (குமாஸ்தா என்றதும் எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு பாசம்.) அதிலிருந்து அவருக்கு ஒரு நாடகம் கிடைத்தது. 'வழுக்கைப் பாடகி' 1950-ல் அரங்கேறியது. பாரீசில் ஊஷெத் என்ற சின்ன அரங்கில் 1957 முதல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

புத்தகத்து ஸ்மித் நமக்குப் பதில் சொல்லமாட்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜில்பெர்த் ஃபுர்ஸ்டென்பர்க் என்ற பிரெஞ்சு ஆசிரியை பிலிப் என்ற பாரீஸ் இளைஞனைப் படத்தட்டில் உருவாக்கினார். காதலி வெளியே துரத்திவிடுகிறாள். அவனுக்கு வீடு தேடித் தருவது மாணவர் வேலை. மாணவர் எடுக்கும் முடிவுக்கேற்பக் கதை திரும்பும். இது 1993-ல் வெளிவந்தது. டுவோலிங்கோ அரட்டை இயந்திரத்தை 2016-ல் கொண்டுவந்தது. ஜிபிடி-4 துணையோடு வேடமிட்டுப் பேசும் வசதி 2023-ல் வந்தது.

எங்கள் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. தெருவில் சொல்தாக்கள் இருந்தார்கள். வகுப்பில் 'ர' உச்சரிப்பு பிசகினால் முழங்கால் போடவைக்கும் வாத்தியார் இருந்தார். 1962-க்குப் பிறகு பிரஜாவுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். என்னோடு படித்தவர்களில் பலர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இன்று நான் பிரெஞ்சு பேசுவது பெரும்பாலும் மனசுக்குள்தான். நானும் ஆளில்லாத ஆளோடுதான் பேசுகிறேன்!

"வீட்டிலேயே நான் இருக்கிறேனே அம்மா, என்னோடு பேசக்கூடாதா?" என்று பேத்தியிடம் கேட்டேன்.

"நீங்க சிரிப்பீங்க தாத்தா. அது சிரிக்காது."

சுருக்கென்றது. முழங்கால் வாத்தியார் என் வாயில்தான் இத்தனை வருஷமும் குடியிருந்திருக்கிறார்.

நேற்று சாயங்காலம் நாற்காலியோடு மாடிக்குப் போய்க் கடைக்காரராக உட்கார்ந்தேன். வந்து காபி கேட்டாள். ஆண்பால் காபிக்குப் பெண்பால் போட்டாள். வாயை இறுக்கிக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு என்று பிரெஞ்சில் கேட்டேன்.